பின்கதவைத் திறந்தவர்

எண்பதுகளில் கடத்தூர் சந்தை அருகே வேப்பமரத்தடியில் கார் பழுது பார்த்தவர் அவர். மெலிந்த உடம்பு, தோளில் எண்ணெய்த் துணி. எந்த வண்டி வந்தாலும் முதலில் பெட்ரோல் டேங்கைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார்.

என் பழைய காரில் பெட்ரோல் முள் பாதியிலேயே நின்றிருந்தது. டேங்கிலிருந்து முள்ளுக்கு வரும் வயரைக் கழற்றினார். முள் உடனே காலிக்கு விழ வேண்டும், விழவில்லை. இன்ஜின் ஓடவில்லை, சாவி என் சட்டைப்பையில் இருந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

“எப்படிங்க இறங்குது?” என்றேன்.

“வண்டி எங்கியோ போயிக்கிட்டிருக்குதுங்க. வரட்டும், இருங்க.”

முள் நின்றதும் என் கையைப் பிடித்து பானெட்டின் மேல் வைத்தார். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி கொதித்தது. அவர் பின்கதவைத் திறந்து, யாரோ இறங்க வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றார். பிறகு மெதுவாகச் சாத்தினார்.

“இனிமே சரியாக் காட்டுமுங்க.”

காட்டியது. அந்தப் பின்சீட்டில் யாரையும் உட்காரவைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.