நான்தான் தாமதித்தேனாம்

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. நான் அன்னவாசலில் தையல்கடை வைத்திருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவருடைய அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்; மதினி என்றுதான் கூப்பிடுவேன். கீரனூரில் இருக்கிறார். எதையும் ஆறப்போடத் தெரியாதவர். மறுநாளே பஸ் ஏறி வந்து, என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த டாக்டரம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. கொழுப்புக் கட்டியா இருக்கும்."

வலிக்கவில்லை என்பதில் எனக்கும் நிம்மதிதான். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை தீர்ந்தது, கட்டி கரையவில்லை. மறுபடி போனபோது வேறு டாக்டர் இருந்தார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுக்கும் மெஷின் ரிப்பேர். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனோம். மெஷின் சரியாகிவிட்டது, அதை இயக்குகிறவர் லீவு. ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முகூர்த்த நாள் நெருங்கிய ஒரு பெண்ணின் ரவிக்கைத் துணிகளை அளவெடுத்ததோடு சரி, வெட்டாமலே திருப்பிக் கொடுத்தேன். என்ன காரணம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஒருவழியாகப் படம் எடுத்து, ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். அதை வெளியூருக்கு அனுப்பித்தான் பரிசோதிக்க வேண்டுமாம். "ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுவோம்" என்றார்கள். தையல் மெஷின் மேலேயே போனை வைத்துக்கொண்டு தைத்தேன். வாரக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை. கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் நேரில் போய், ரிசல்ட் கொடுக்கும் ஜன்னலில் இருந்தவரிடம் கேட்டோம்.

"சதை பத்தலையாம்மா. திரும்ப எடுக்கணும்."

"அதச் சொல்றதுக்கு ஒரு போன் போடக் கூடாதாப்பா?" மதினி கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "இவ சோறு தண்ணி இல்லாம காத்துக் கெடக்கா!"

"எங்கிட்டக் கத்தி என்னக்கா ஆகப்போகுது? இங்கிட்டு நான் ஒரு ஆளுதான்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. மூன்று பேர் வேலையை அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது முறை எடுத்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. அறுவை சிகிச்சை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெருசாகுற வரைக்கும் விடுவீங்களா? கூச்சப்பட்டுக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டு, கடைசியில வந்து நிக்கிறீங்க."

"நான் விடலைங்க சார். புளியங்கொட்டை அளவுல இருந்தப்பவே வந்தேன். வந்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்கள்லாம்தான் என்னைத் திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தீங்க."

அவர் என் சீட்டுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு அவரே எழுந்து போய் யாரிடமோ பேசி, அந்த வாரமே ஆபரேஷனுக்குப் படுக்கை வாங்கித் தந்தார். அது வரை யாராலும் முடியாதது, ஒருவர் எழுந்து போனதும் முடிந்துவிட்டது. நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடது மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்க வந்த அன்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "மொதல்லயே பாத்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாமா சார்?"

"எடுத்திருக்கலாம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பொய் சொல்லாததற்காக அவரை மதிக்கிறேன்.

இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முடி கொட்டிவிட்டது; இடது கை வீங்கி, துணியை இழுத்துப் பிடித்துத் தைக்க முடிவதில்லை. கணவர் போனில், "எல்லாம் சரியாயிருச்சுல்ல?" என்று கேட்கிறார். நான் போனை, துணைக்கு வந்து தங்கியிருக்கும் மதினியிடம் கொடுத்துவிடுகிறேன்.

"உசுரோட இருக்கா" என்கிறார் மதினி. "மத்ததை நீ நேர்ல வந்து கேளு."