வாளியில் போட்ட கண்ணாடி

புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. கோழிகள் போன பிறகு அதே தகரக் கொட்டகையில் ஒரு கிறிஸ்தவச் சபை நடக்கிறது. விளக்கைப் போட்டதும் எழுந்து சத்தம் போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை என்று நான் சொன்னதற்காக, அந்தச் சபைக்குப் போகிற என் அக்கா கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆகவே பிறக்கும்போதே நான் விசுவாசி. படிக்கப் படிக்க அது கரைந்து, இப்போது கிறிஸ்துமஸ் பிரியாணியில் மட்டும் உறுதியாக நிற்கிறேன். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அதைப் படித்துச் சிரித்த ஒருவரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. காணாததை நம்பிக் காலம் தள்ளுவதில் நானும் சளைத்தவனில்லை.

அக்கா வெண்ணந்தூரில் ஜாக்கெட் தைக்கிறாள். மாமா இறந்த பிறகு தையல் மிஷினும் ஜெபமும்தான் அவளுக்குத் துணை. இரண்டு கண்ணிலும் புரை. முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பாமல் போகலாம் என்று சேலத்து டாக்டர் எச்சரித்தார். அக்காவும் சம்மதித்தாள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தது.

ஜெபத்தால் சுகம் கிடைத்தபின் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வது எல்லாச் சபையிலும் உள்ளதுதான். கொட்டகைச் சபையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "பெற்றுக்கொண்டேன்" என்று முதலில் அறிக்கையிட்டால்தான் பெற்றுக்கொள்ள முடியுமாம். மேடைக்கு முன்னால் ஒரு நீல வாளி இருக்கும். சுகமானவர்கள் மூக்குக் கண்ணாடி, முழங்கால் பட்டை, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பாஸ்டர் முன்பு போர்வெல் வண்டிக்குக் கிராக்கி பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்று வெயிலில் நின்று சத்தியம் செய்து பழகியவருக்குப் பரலோகம் பெரிய தூரமாகத் தெரிந்திருக்காது.

அக்கா கண்ணாடியை வாளியில் போட்டாள். "பார்வை வந்துருச்சுங்க" என்று மைக்கில் சொன்னாள். கொட்டகை ஆர்ப்பரித்தது.

அதன் விளைவை முதலில் கண்டவர் எதிர்வீட்டு நெசவுக்காரம்மா. தைத்து வாங்கிய ஜாக்கெட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"ஏனுங்கக்கா, உங்க சாமி ஒரு கண்ணைத்தான் சொகமாக்குனாருங்களா?"

அக்கா ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நான் சண்டை போட்டேன்.

"அக்கா, தெரியுதா, தெரியலையா?"

"தெரியும்."

"எப்ப?"

"அதை ஆண்டவருகிட்டக் கேளு."

"டாக்டர் கிட்டக் கேட்டேன். கண்ணு போயிரும்னாரு."

"சாட்சி சொல்லிப்போட்டேன்டா. இப்பப் போயி ஆபரேசன் பண்ணுனா, அவரைப் பொய்யராக்குன மாதிரி ஆவாது?"

கடவுளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு தையற்காரி குருடாக வேண்டியிருக்கிறது. இவ்வளவு பலவீனமான கடவுளை நான்கூடக் கற்பனை செய்ததில்லை.

பாஸ்டர் அத்தோடு விடவில்லை. வாராவாரம் சுவரில் வசனத்தைப் படமாக விழச் செய்து, அதை அக்காவைக் கொண்டு வாசிக்க வைத்தார். அற்புதத்துக்கு நடமாடும் விளம்பரம். எந்த வசனம் என்பது சனிக்கிழமையே சபை வாட்ஸப் குரூப்பில் வந்துவிடும். அக்கா என்னையும் அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் போன் வரும். நான் படிப்பேன், அவள் மனப்பாடம் செய்வாள், மறுநாள் சுவரைப் பார்த்து ஒப்பிப்பாள். அவிசுவாசி ஒருவனின் உழைப்பில் அங்கே வாராவாரம் ஓர் அற்புதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு பஸ் வரவில்லை என்று அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வந்ததே வந்தோம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாஸ்டர் கையில் ஒரு டேப்லெட்டோடு வரிசைகளுக்கு நடுவே உலாத்தினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு அதன் எழுத்து தெரிந்தது. திரைக்கு நாலு வார்த்தை. ஒவ்வொரு வார்த்தையும் முட்டை அளவு. கண்ணாடி போட மானம் தடுக்கிற நடுவயதுக்காரனின் தந்திரம் அது. எனக்கு நன்றாகத் தெரியும், என் போனும் அப்படித்தான்.

அக்காவை எழுப்பினார்கள். அவள் எழுந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மேய்ப்பனையும் பசும்புல்லையும் தங்குதடையில்லாமல் சொன்னாள். அன்றைக்குப் படம் போட்டவர் ஃபைலை மாற்றிவிட்டார் போலிருக்கிறது. சுவரில் வேறு வசனம். அங்கே அத்திமரம் சபிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சபை சுவரைப் பார்த்துக்கொண்டே "ஆமென்" என்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவுக்காவது கண்ணில் புரை இருந்தது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, சுவரில் உள்ளது ஒன்று, காதில் விழுவது ஒன்று என்பதைக்கூடக் கவனிக்காமல் கை தட்டிக்கொண்டிருந்தது அந்த மந்தை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் திரும்பிச் சொன்னாள்: "அக்கா, அது இல்லீங்க. மாறிப்போச்சுங்க."

அக்கா நின்றாள். பாஸ்டர் போர்வெல் ஏஜெண்டின் வேகத்தில் மைக்கைப் பிடித்தார்.

"சகோதரி ஆவியில நெறைஞ்சு இன்னொரு வசனத்தைச் சொல்றாங்க! ஸ்தோத்திரம் சொல்லுங்க!"

எல்லாரும் சொன்னார்கள். தப்பிக்கக் கதவு திறந்துவிட்டார் மனிதர். அக்கா அதில் நுழைந்திருந்தால் இன்னும் பல சனிக்கிழமை எனக்கு வேலை இருந்திருக்கும்.

"இல்லீங்க பாஸ்டர். எனக்குச் செவுரே தெரியலீங்க."

பாஸ்டர் மைக்கைக் கையால் மூடினார்.

"சிஸ்டர், அவிசுவாசமாப் பேசக் கூடாது..."

"பொய் சொன்னது நானுங்க. அவரில்லீங்க. கெரகம், அதை நான் இத்தன நாளாக் கொழப்பிக்கிட்டேன்."

தடவித் தடவி வாளியிடம் போனாள். கைவிட்டுத் துழாவினாள். காது வளையத்தில் தையல் நூல் சுற்றிய அவள் கண்ணாடி அடியிலேயே கிடந்தது. அதை ஒருவரும் எடுத்திருக்கவில்லை. வாராவாரம் புதிதாக நிரம்புவதாகச் சொன்ன வாளியில் பழைய கண்ணாடிகளேதான் கிடந்தன. முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க பாஸ்டர். ஜெபம் பண்ணிக்கோங்க."

திரும்பும் வழியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ வாதத்தில் ஜெயித்தவனாக ஸ்கூட்டரை ஓட்டினேன்.

"இப்பவாவது புரிஞ்சுதாக்கா?"

"எது?"

"அங்க ஒண்ணுமில்லைன்னு."

"கொட்டாயில ஒண்ணுமில்ல. அது புரிஞ்சுது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீயும் அந்தப் பாஸ்டரும் ஒரே சாதிடா. ரெண்டு பேருக்கும் கண்ணுக்கு முன்னால காட்டோணும். அவரு செவுத்துல காட்டுனாரு. நீ செவுரைப் பாத்துப்போட்டுச் சிரிக்கிற. ரோட்டைப் பாத்து ஓட்டு."

முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பார்வை எவ்வளவு திரும்பும் என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் கைவிரித்தார். அந்த ராத்திரி முழுக்கத் தூங்காதவன் நான். அக்கா குறட்டை விட்டாள்.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"சட்டையில பித்தானை மாத்திப் போட்டிருக்குற."

பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

சற்று நேரத்தில் குரூப்பில் செய்தி வந்தது. எப்படித் தெரிந்ததோ, பாஸ்டர்தான்: நம் சகோதரியின் கண்களைக் கர்த்தர் திறந்தார், சபையின் ஜெபம் கேட்கப்பட்டது. கீழே அறுபடாமல் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துக் காட்டினேன்.

"வெக்கங்கெட்டவன். பாத்தியாக்கா?"

"அவரு சொன்னது நெசந்தானே?"

"டாக்டர் தொறந்தது!"

"டாக்டர் கையால தொறந்தாரு. அந்தாளு வாயில வந்துருச்சுன்னு அது பொய்யாயிருமா?"

குரூப்பிலிருந்து வெளியேறப் பொத்தானைத் தேடினேன். அது மட்டும் பொடி எழுத்தில் எங்கோ ஒளிந்திருந்தது.

"வெளிய போயிராதே" என்றாள் அக்கா. "ஒரு மாசம் எதையும் படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சனிக்கிழமை வசனம் வந்துச்சுன்னா யாரு படிக்கிறது?"