முகத்துக்கு நூல் வரவில்லை

உங்களுக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. போட்டோ கிடையாது. துறைமுகத்துக் கிரேன், வண்டிமாடு, பால்காரர் சைக்கிள், எதிர்வீட்டு ஆடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் வரைந்து வைத்த நான், அவள் முகத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அது எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன். எனக்குச் சரியாக எழுத வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். நான் ராயபுரத்தில் ஒரு மெஷின் பட்டறையில் ஃபிட்டர். பட்டறையில் திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு கட்டு காட்டன் வேஸ்ட் கொடுப்பார்கள். துணி மில்லில் மிஞ்சிய நூல் குப்பை அது. மெஷினில் வழிகிற எண்ணெயைத் துடைப்பதற்கு. வெள்ளை வேஸ்ட் பெரிய மெஷின்களுக்குப் போய்விடும், எங்களுக்குக் கலர் வேஸ்ட்தான் வரும். மற்றவர்கள் அதை அப்படியே எண்ணெயில் போடுவார்கள். நான் முதலில் மடியில் வைத்துப் பிரிப்பேன். சிவப்பு ஒரு சாண், பச்சை ஒரு முழம், லுங்கியில் வருகிற நீலம் கொஞ்சம். நீள இழையாக வந்தால் விரலில் சுற்றி டிபன் டப்பா மூடிக்குள் வைத்துக்கொள்வேன். ஃபோர்மேனிடம் முன்பே கேட்டிருந்தேன். "குப்பைக்கு இன்னாத்துக்கு பர்மிஷன்?" என்று சிரித்தார்.

அந்த நூலில்தான் நான் துணியில் படம் தைப்பேன். ஆம்பளை கையில் ஊசியா என்று நீங்கள் நினைக்கலாம். நான் பிறந்தது முகத்துவாரக்குப்பத்தில். அங்கே வலை பின்னுவதும் கிழிந்த வலையைச் சேர்ப்பதும் ஆம்பளைகள்தான். எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு காது போய்விட்டதால் கட்டுமரத்தில் ஏற்றாமல் எட்டாவது வரைக்கும் படிக்கப் போட்டார்கள். கடல் போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. யுத்த காலத்தில் ஹார்பர் கேட்டுக்கு வெளியே ஒரு கப்பல்காரன் சட்டை முதுகில் பாம்பு ஒன்றை நூலாலேயே தைத்திருந்ததைப் பார்த்தேன். செதில் செதிலாக இருந்தது. அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

நேரம்தான் கிடைக்காது. காலையில் பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பட்டறையில் சாப்பாட்டுக்கு அரைமணி. சாயங்காலம் வந்தால் ரேஷன் க்யூ, இல்லையென்றால் விறகு. அதனால் குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொள்வேன். நோட்டு என்றால் கடை நோட்டு இல்லை, அப்போது காகிதத்துக்கும் பஞ்சம். மெஷின் சாமான் சுற்றி வருகிற காகிதத்தை மடித்து, நடுவில் வலை நூலால் தைத்தது.

"இன்னா நைனா, என் மூஞ்சிய வரையறது?" என்று குழாயடியில் ஒரு அம்மாள் கேட்பாள்.

"நீ ஒரு எடத்துல நிக்கமாட்றியே."

"நின்னா குடத்த தள்ளிட்டு பூந்துடுவாளுங்க. நீ வரஞ்சி குடு, வூட்டு வாசல்ல மாட்டிவெக்கறேன். திருடன் வரமாட்டான்."

வரிசையே சிரிக்கும். நான் குனிந்துகொண்டு வரைவேன். பல நாள் என் முறை வந்ததே தெரியாமல் குடம் பின்னால் போய்விடும். வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா அரைக் குடத்தைப் பார்த்துவிட்டு, "நீ போட்ட கோட்டக் குடிச்சிக்கலாமா?" என்பாள். அவள் கோபத்தில் தப்பு இல்லை.

உங்கள் அக்காவுக்கு ஐந்து வயது முடியும் சமயத்தில் ஒரு மாவு மூட்டைத் துணி கிடைத்தது. வெளுத்துக் காயவைத்தால் நல்ல கெட்டித் துணி. அதில் அவளைத் தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் ஒரு நிமிஷம் நிற்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டுச் சுவரோரமாக நிறுத்தினேன். கமர்கட் கரைகிற வரைக்கும்தான் எனக்கு நேரம். ஒரு கன்னம் உப்பிக்கொண்டு நின்றாள். பென்சிலால் துணியிலேயே முகம், ரிப்பன், கவுன், கால் எல்லாம் கோடு போட்டுவிட்டேன். கடைசியில் அவளே வந்து பார்த்தாள்.

"நைனா, எனுக்கு கன்னத்துல கட்டியா?"

"கமர்கட்டுடி அது."

"அப்போ ரெண்டு பக்கமும் குடுத்திருக்கலாம்ல?"

தைக்க ஆரம்பித்தேன். ரிப்பனுக்குச் சிவப்பு இருந்தது. கவுனுக்குப் பச்சையும் மஞ்சளும். கறுப்பு நிறைய வரும், தலைமுடிக்குக் கஷ்டமில்லை. பட்டறையில் சாப்பாட்டு அரைமணியில் கால்மணி சோற்றுக்கு, கால்மணி ஊசிக்கு. லேத்தில் வேலை செய்த பாய் ஒருவர் எனக்குச் சிநேகிதர், வண்ணாரப்பேட்டைக்காரர். தனக்கு வருகிற வேஸ்ட்டையும் பிரித்துப் பார்த்து நல்ல இழையாக எனக்குத் தருவார். மற்றவர்கள் அவரையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். "மாமு, பாயும் நீயும் சேந்து ஒரு ஜாக்கெட்டு கடை போடுங்க, என் சம்சாரத்த அனுப்பறேன்" என்பான் ஒருத்தன். "அனுப்பு, ஆனா துட்டோட நீயும் வந்து நிக்கணும், உன்னிய நம்பி எவன் துணிய வெட்றது" என்பார் பாய்.

முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான். அவள் நிறத்துக்கு நூல் வேண்டும். மாநிறம், கொஞ்சம் செம்பு கலந்தது. மில்காரன் அந்த நிறத்தில் என்னத்தை நெய்வான்? வருகிற பழுப்பெல்லாம் ஒன்று கோணி நிறம், இல்லை காக்கி. கடையில் போய் நூல்கண்டு வாங்கியிருக்கலாம். வாங்க முடியாத ஆள் இல்லை நான். ஆனால் முழுப்படமும் வேஸ்ட்டில் வந்த நூலாலேயே தைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வீம்பு வைத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்காத வீம்பு.

ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் அவள் டிபன் டப்பா மூடியைத் திறந்து பார்ப்பாள்.

"மூஞ்சி வந்துச்சா நைனா?"

"வர்ல. அடுத்த வாரம் வரும்."

"மூஞ்சி இல்லாம அவ எப்டி சோறு துன்னுவா?"

"அவளுக்குப் பசிக்காது."

"எனுக்கு பசிக்கிதே" என்று என் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இப்படியே நான்கு மாதம் போயிற்று. மாசி கழிந்து வெயில் ஏறிய சமயத்தில் தெருவில் அம்மை வந்தது. மூன்றாவது வீட்டில் வந்தது, பிறகு எங்கள் வீட்டில். உங்கள் அக்காவுக்கு முதலில் காய்ச்சல், மூன்றாம் நாள் நெற்றியில் முத்து. பட்டறையில் சொன்னதும் ஃபோர்மேன் என்னை உள்ளேயே விடவில்லை. "வூட்ல எறங்குனப்பறம் வா" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். கார்ப்பரேஷன்காரர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். நாங்கள் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்யாணமான பிறகு எனக்கு அத்தனை நேரம் கிடைத்ததே இல்லை. சங்கு ஊதும், எனக்கு இல்லை. தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு இடத்தில் நிற்காத பெண் வேப்பிலைமேல் படுத்திருந்தாள், அசையவில்லை. முதல் இரண்டு நாள் முத்து நெற்றியிலும் கையிலும்தான். முகம் முகமாகவே இருந்தது. துணி ஆணியில் தொங்கியது. நோட்டு மாடத்தில் இருந்தது.

உங்களுக்கு இந்த வழக்கம் தெரியாமல் போகலாம். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ஊசி எடுக்கவே கூடாது. ஊசியால் குத்தினால் ஆத்தாளைக் குத்தின மாதிரி. சரி, ஊசி வேண்டாம், பென்சிலாவது எடுக்கலாம் என்று மாடத்துப் பக்கம் கையை நீட்டினேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா பண்ற?"

"சும்மா, ரெண்டு கோடு. தூங்கிகினு கீறா இல்ல."

"கோடு போட்டா ஆத்தா மொகத்துல போட்டாமாரி. உனுக்கு இப்போவா வெளாட்டு?"

"நான் வெளாடலமே."

"எறங்கட்டும். தலைக்கி தண்ணி ஊத்தினப்பறம் ஒக்கார வெச்சி வரஞ்சிக்க. நானே புடிச்சிக்கறேன் அவள."

நான் கையை எடுத்துக்கொண்டேன். உங்கள் அம்மாமேல் பழி போட இதை எழுதவில்லை. எனக்கும் பயம்தான். நான் வரைந்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கையை நானே என்ன செய்வது? அப்படி நினைத்துத்தான் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாளில் கண், மூக்கு எல்லாம் மூடிப்போயிற்று. பிறகு வரைய எதுவும் இல்லை. பத்தாம் நாள் விடிந்து வெயில் வந்த பிறகு போய்விட்டாள். அன்றைக்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம். பாயைப் போல நாலைந்து பேர்தான் தைரியமாக வந்தார்கள். பயந்து வராதவர்களைத் தப்பு சொல்லமாட்டேன்.

கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள், கோரைப்பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் வெளியே போட்டுக் கொளுத்தச் சொன்னார்கள். உங்கள் அம்மா ஆணியில் இருந்த துணியை மட்டும் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். கைக்குழந்தை இருக்கிற வீடு, பெரியவனே, நீதான் அந்தக் குழந்தை. அப்படியே வைக்கவும் பயம். அதனால் சோடா உப்பு போட்டு அண்டாவில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசிப்போட்டாள். துணி நன்றாக வந்தது. ரிப்பன் சாயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கவுன் அப்படியே இருந்தது. பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை.

கொடியில் அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முடி இருந்தது, ரிப்பன் இருந்தது, நடுவில் வெள்ளைத் துணி.

"நான் கவனிக்கலய்யா," என்றாள். "பூச்சி போவணும்னு கொதிக்க வெச்சேன்."

"வுடு. எனுக்கு மனசுல கீது. வரஞ்சிடுவேன்."

அப்படித்தான் நம்பினேன். வேலைக்குத் திரும்பிய அன்றைக்குப் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நூல் கண்டை எடுத்தார், தீக்குச்சியில் சுற்றியிருந்தது. செம்பு கலந்த மாநிறம், இழை இழையாக முடிச்சுப் போட்டு நீளமாக்கியிருந்தார்.

"நீ லீவுல இருந்தப்போ வந்துச்சு தோஸ்து. உன் வேஸ்ட்டு கட்டயும் நான்தான் வாங்கிவெச்சேன். குடுக்கறதா வாணாமான்னு எனுக்குத் தெரியல. வாணாம்னா சொல்லு, தொடச்சிப் போட்டுடறேன்."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் லேத்துக்குப் போய் அன்றைக்கு முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் குழாயடியிலும் பட்டறையிலும் அவளைத்தான் வரைந்தேன். குழாயடியில் யாரும் கிண்டல் செய்யவில்லை, என் குடத்தை அவர்களே முன்னால் நகர்த்திவிட்டார்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இடது புருவத்தில் விழுந்த வெட்டு. முன்பல் இரண்டும் விழுந்த சந்து. காது மடல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். தனித்தனியாக எல்லாம் சரியாக வந்தது. சேர்த்தால் அவள் வரவில்லை. உங்கள் அம்மாவிடம் காட்டுவேன்.

"மூக்கு இப்டி இல்லய்யா. சப்பையா இருக்கும்."

"சப்பை இல்லமே. நுனி மட்டும்தான்."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெனம் பாத்தவன் நானு."

"நீயா பாத்தே? நீ ஆட்டப் பாத்தே, கிரேனப் பாத்தே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளே அழுதாள். அவள் மனசில் ஒரு முகம், என் மனசில் ஒரு முகம். இரண்டும் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று.

கடைசியில் ஒரு படம் இருவருக்கும் ஓரளவு சரியாகப் பட்டது. "இருக்கட்டும், இத்தயே தெச்சிடு" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல்படியில் உட்கார்ந்து, பாய் கொடுத்த நூலை ஊசியில் கோத்தேன். நெற்றி முடிந்தது. ஒரு கன்னம் முடிந்தது. நிறம் அவ்வளவு பொருத்தம். உங்கள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டு அவ்வப்போது திரும்பிப் பார்த்தாள். மூக்குக்கு வரும்போது முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாணாம்யா. நிறுத்து."

"ஏன், மூக்கு இன்னும் வைக்கவே இல்லயே?"

"இது நல்லாதான் கீது. அதான் வாணாம்ன்றேன். வேற யாரு பெத்த பொண்ணோ. தெனம் இத்தப் பாத்துகினு கெடந்தா நம்ம பொண்ணு மூஞ்சி எனுக்கு மறந்துபூடும். கொஞ்சம்தான் கீது எனுக்கு. அதுவும் பூடும்."

ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிறுத்தினேன். என் மனசில் இருந்த முகம் முந்தின வாரமே போய்விட்டது. கண்ணை மூடினால் நான் வரைந்த படம்தான் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

பிரித்தேன். தைக்க ஒரு மணி நேரம், பிரிக்க அதைவிட அதிகம், துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டும். உங்கள் அம்மா எதிரில் உட்கார்ந்து நூல் நுனியைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் வந்த பிறகு துணியைத் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்தாள். ஊசி போன ஓட்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவள் கை நிற்கவில்லை, மூடின பிறகும் அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.