மன்னார் இல்லாத இலங்கைச் சுற்று

இலங்கை மாங்காய் வடிவில் இருப்பது தானாக வந்ததில்லை. கண்டக்குழி ஹாசிம் தன் வெள்ளை வானை இருபது வருடமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டி, மூலையெல்லாம் மழுங்கவைத்து எடுத்த வடிவம் அது. அனுராதபுரத்து ராசாக்கள் எழும்பி வந்தாலும் தங்கள் குளத்துக்கு வழி அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டினதே, பிற்காலத்தில் ஹாசிம் வான் நிறுத்த ஒரு நிழல் வேண்டும் என்றுதான்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பேச்சு ஓடும்; எழுத்தைக் கண்டால் பிரேக் விழுந்துவிடும். ஆகவே வெள்ளைக்காரர் யாரும் நாடு சுற்றக் கேட்டால், பாயில் நாட்டுப் படத்தை விரித்து அவர் சொல்லச் சொல்ல, மகள் றிப்னா பயணத்திட்டத்தை இங்கிலீஷில் ஃபோனில் தட்டி அச்செடுத்துக் கொடுப்பாள். ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் இங்கிலீஷ் மட்டும் பாஸான பிள்ளை. வாய்க்கொழுப்புக்குச் சோதனை வைத்தால் தீவிலேயே முதலாவதாக வருவாள். ஒருமுறை சீகிரியாவுக்கு நேரே 'லிஃப்ட் உண்டு' என்று தட்டிவிட்டாள். ஒரு ஜெர்மன்காரர் மலையடியில் அரை நாள் லிஃப்ட் தேடினார்.

அந்தத் தாள்களில் மன்னார் மட்டும் வராது. றோட்டு சரியில்லை என்பார் ஹாசிம். றோட்டுக்குத் தார்க் காப்பெற் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்தார் முஸ்லிம்களை மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தங்கள் ஊர் எருக்கலம்பிட்டியில் வள்ளம் ஏறி, கற்பிட்டியில் இறங்கி, பக்கத்துக் கண்டக்குழியில் குடியேறினார். சண்டை முடிந்தபின் சொந்தக்காரர் பலரும் ஊருக்குப் போய்வந்தார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று மனைவி பளீலாவுக்கு மட்டும் ஒரு தடவை சொன்னார், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று நம்பி. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இளநீர் மாதிரி இனித்த வாப்பாவின் கிணற்றைப் பற்றிச் சொன்னார். பிறகு தொழுகையைப் பற்றிச் சொன்னார். பயணத்தில் இருப்பவர் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். சொந்த ஊரில் சுருக்க முடியாது. மன்னாரில் போய் நின்று எத்தனை தொழுவது? நாலு என்றால், முப்பத்தைந்து வருடம் சோறு தந்த கண்டக்குழி யாருடைய ஊர்? இரண்டு என்றால், வாப்பாவின் மண்ணில் அவரும் ஒரு டூரிஸ்ட். போகாமலே இருந்துவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

போன ஜனவரியில் ஒல்லாந்து நாட்டு நோனா ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ரீச்சரம்மா. கற்பிட்டிக் கோட்டையைப் பார்த்து, அனுராதபுரத்தில் தங்கி, மறுநாள் காலை வானில் ஏறித் தாளைப் பிரித்து, இன்றைக்கு மன்னார்தானே என்றார். ஹாசிம் ஒரு ஓரமாகப் போய் மகளுக்கு ஃபோனில் கோல் எடுத்தார். ஒல்லாந்துக் கோட்டை எல்லாம் பார்க்க வேண்டும் என்று நோனாவேதான் கேட்டாராம். வாப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டதாம்.

வாக்குக் கொடுத்த பயணம். மறுக்க முடியாது. மன்னார்த் தீவுக்குள் போகும் நீண்ட பாலத்தில் ஹாசிம் வானைச் சைக்கிள் வேகத்துக்கு இறக்கினார். றோட்டில் ஒரு குழியும் இல்லை.

நோனா கோட்டையைக் கால் மணித்தியாலத்தில் பார்த்து முடித்தார். திரும்பி வந்து, தாளில் விரலை வைத்து, "உங்கள் தகப்பனாரின் கிணறு எங்கே இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஹாசிம் வானைக் கிளப்பினார்.

எருக்கலம்பிட்டி வளவில் வீடு இல்லை. கிணறு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி யார் என்றுகூடக் கேட்காமல் வாளியைக் கொடுத்தாள். அவர் அள்ளிக் குடித்தார். உப்புக் கரித்தது. இன்னொரு கை குடித்துப் பார்த்தார்.

நோனாவை அந்தப் பக்கத்து வீட்டில் இருத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனபோது நண்பகல் லுஹர் தொழுகையின் ஜமாஅத் முடிந்து எல்லாரும் கலைந்திருந்தார்கள். தனியாக நின்று, இரண்டு என்று மனசில் நிய்யத்து வைத்துத் தக்பீர் கட்டினார். இரண்டு முடிந்து உட்கார்ந்தார். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுக்கக் கழுத்து திரும்பவில்லை. எழும்பி மற்ற இரண்டையும் தொழுதார். முடிந்த பிறகும் மனசு ஆறவில்லை. கண்டக்குழிக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டு வந்தவர் போல வாசலில் செருப்பைத் தேடினார்.

மறுபடி கோல் எடுத்தார்.

"மகள், நாலு தொழுதுட்டன்."

ஒரு செருப்பை மாட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"மன்னார நோனா கேட்டாவா, நீயாப் போட்டியா?"

"அவதான் கேட்டா, வாப்பா."

"கிணத்தையும் அவதான் கேட்டாவோ? அது உன்ட உம்மாக்கு மட்டும் சொன்ன கதை."

தடிமன் பிடித்திருக்கிறது, பிறகு கதைப்போம் என்று றிப்னா மூக்கை உறிஞ்சினாள்.

"பகிடி விட்டா நீ சிரிக்கிறவள்" என்றார் ஹாசிம். "இண்டைக்கு ஏன் புள்ள அழுறாய்?"