காலமை எட்டு மணிச் சூடு

சூட்டை உண்டாக்கிறது பெரிய வித்தையில்லை, உண்டானதை வெளியில ஓட விடாமல் பிடிச்சு வைக்கிறதுதான் எங்கட தொழில். லண்டனில வீடுகளைச் சூடாக்கிற பொயிலர் திருத்திற ஆள் நான். குளிர் தொடங்கினால் என்ர போன் ஓயாது. எடுக்கிற எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: வீடு குளிருது, பில் மட்டும் ஏறுது. இதை வாசிக்கிற நீங்களும் பாடியிருப்பியள், இல்லையெண்டு சொல்லாதேங்கோ.

என்ர வீட்டு நிலவரத்தையும் சொல்லிப்போடுறன். மனுசி சாந்தி ஆஸ்பத்திரியில நைற் ஷிப்ட். நான் காலமை ஏழரைக்கு வெளிக்கிட, அவ எட்டு மணிக்கு வருவா. பின்னேரம் நான் உள்ளுக்கு வர, அவ சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிப்பா. சில காலமையில என்ர வானுக்கு எதிரால அவ வாற பஸ் போகும். எந்தச் சன்னலோரம் இருக்கிறா எண்டு தேடுவன், அதுக்குள்ள லைற் பச்சையாகிவிடும். பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறா, மறுமொழிக்காகக் காத்திருக்கிறம். அதுவரைக்கும் என்னால செய்ய ஏலுமானது ஒண்டுதான். அவ கதவைத் திறக்கேக்க வீடு சூடா இருக்கட்டும் எண்டு பொயிலர் டைமரில காலமை எட்டு மணிக்குச் சூடு நிறைஞ்சிருக்கிற மாதிரிப் போட்டு வைச்சன்.

மிளகாய் காயுது

கிழக்கு லண்டனில, பார்க்கிங் எண்ட ஊரில ஒரு அக்கா கூப்பிட்டா. முன்னறைச் சுவரில சூடு தாற ரேடியேற்றர் வேலை செய்யேல்லையாம், போன வருசம் வந்தவன் ஏமாத்திப்போட்டானாம். போய்ப் பாத்தால் ரேடியேற்றரையே காணேல்லை. மேல ரெண்டு தட்டு நிறைய மோர்மிளகாய், அதுக்குக் கீழ ரெண்டு துவாய், ஒரு சறம், பள்ளிக்கூடச் சொக்ஸ். எல்லாத்தையும் தூக்கிப்போட்டுக் கையை வைச்சன், கொதிக்குது. சூடு முழுக்க மிளகாய்க்குப் போகுது அக்கா, உங்களுக்கு எப்பிடி வரும் எண்டு கேட்டன்.

அக்காவுக்குக் கோபம் வந்திட்டுது. தேத்தண்ணியைக் கொண்டந்து மேசையில டக்கெண்டு வைச்சா. பிறகு சன்னலுக்கு வெளியில பாத்தா. மூண்டு கிழமையாத் தூறிக்கொண்டிருக்கிற அதே மழைதான். கடைசியாச் சொன்னா: "தம்பி, நீங்கள் வெயிலைக் கொண்டுவாங்கோ, நான் மிளகாயை எடுக்கிறன்."

ஒரு அறை போதும்

லூயிஷாமில ஒரு குடும்பம், தாய் தகப்பன், வளந்த பிள்ளையள் மூண்டு பேர். பொயிலரில ஒரு சாமான் உடைஞ்சுபோச்சு, புதுசு வர ஒரு கிழமையாகும். அதுவரைக்கும் ஒரு சின்னக் கரண்ட் ஹீற்றரை முன்னறையில வைச்சு, கதவைப் பூட்டி, எல்லாரும் அதுக்குள்ளயே இருங்கோ எண்டன். பிள்ளையள் என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் ஏதோ மறியல் வீட்டில அடைச்சுப்போட்ட மாதிரி.

சாமான் வந்து, கொண்டுபோய்ப் பொயிலரில பூட்டினன். அண்டைக்கு ஐஞ்சு பேரும் ஒரே சோபாவில, ஒரே போர்வைக்குள்ள. தகப்பன்ர மடியில மகளின்ர கால். ஆரோ என்னமோ சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். எனக்குப் பொறாமையாப் போச்சு, ஏன் பொய் சொல்லுவான். வீடு முழுக்கச் சூடு வந்தவுடனே பிள்ளையள் ஆளுக்கொரு அறையாய்ப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டினம். தாய் என்னை வாசல்வரைக்கும் கொண்டந்து விட்டிட்டு, மெல்லக் கேட்டா: "அண்ணை, நீங்கள் இன்னொரு கிழமை பிந்தி வந்திருக்கக்கூடாதே?"

வானில ஏறிச் சாந்திக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டன். மத்தியானம் ரெண்டு மணி, அவ நல்ல நித்திரையில இருப்பா. போனைத் திருப்பி வைச்சிட்டன்.

இருபத்திநாலு

விம்பிள்டனில ஒரு ஐயா, பென்சன் எடுத்தவர். பில் கூடிப்போச்சு, காஸ் எங்கையோ கசியுது எண்டு பயந்து கூப்பிட்டார். ஒரு கசிவும் இல்லை. ஆனால் சுவரில இருக்கிற பெட்டியில சூட்டின்ர அளவு இருபத்திநாலு டிகிரியில நிக்குது. ஐயாவோ ஷேர்ட்டில பொத்தானைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருக்கிறார்.

அளவைக் குறையுங்கோவன் ஐயா எண்டன். குறைக்கேலாதாம், அது மனுசியின்ர அளவாம். அம்மா எங்க எண்டு கேட்டன். கனடாவில, மகளின்ர பிள்ளைப்பேறுக்குப் போய் மாசக்கணக்காகுது. அப்ப ஆருக்கு இந்த இருபத்திநாலு? ஐயா விசிறுறதை நிப்பாட்டினார். "முப்பது வருசமா அவ கூட்டுவா, நான் குறைப்பன். இப்ப ரெண்டையும் நானே செய்ய, அதில என்ன ருசி இருக்கு தம்பி?"

சொந்தப் பொயிலர்

போன மாசம் ஒரு நாள் காலமை, ரெண்டாவது வேலைக்குப் போற வழியில அது ரத்தாகிப்போச்சு. பத்து மணிபோல வீட்டுக்குத் திரும்பினன். மனசுக்குள்ள ஒரு சந்தோசம், சாந்தி நித்திரையெண்டாலும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கலாம்தானே. கதவைத் திறந்தால் உள்ளுக்கு ஐஸ். ரேடியேற்றரைத் தொட்டன், செத்துக் கிடக்கு. ஐயோ, மனுசி இந்தக் குளிருக்குள்ளயோ படுத்திருக்கிறா எண்டு ஓடிப்போய் வானில கிடந்த திருத்து வேலை ஆயுதப்பெட்டியைக் கொண்டந்து, பொயிலரின்ர மூடியைக் கழட்டி, ஒவ்வொண்டாச் சோதிச்சன். ஒரு பிழையும் இல்லை. கடைசியாத்தான் டைமரைப் பாத்தன். காலமை எட்டு மணியை ஆரோ நிப்பாட்டிக் கிடக்கு. டைமரைப் பாக்காமல் பொயிலரைக் கழட்டிறவையை நான் எத்தினை தரம் நக்கலடிச்சிருப்பன்!

சத்தத்துக்குச் சாந்தி எழும்பி வந்தா, என்ர பழைய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு. ஆர் நிப்பாட்டச் சொன்னது எண்டு கத்திப்போட்டன். போன மாரிக் குளிரிலயே தான் நிப்பாட்டினதாம். படுக்கிற ஒரு ஆளுக்கு ஏன் முழு வீட்டையும் சூடாக்குவான், நீங்கள்தானே ஊருக்கெல்லாம் அப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியிறியள் எண்டா. ரெண்டு மாரியா, நான் வீட்டில இல்லாத நேரத்தில மனுசிக்குக் குடுத்துக்கொண்டிருந்த ஒரேயொரு சாமான் அந்தச் சூடு, அது அவவிட்டைப் போய்ச் சேரவேயில்லை.

பிறகு அவ, என்ர கையில இருந்த, மூடி கழட்டின திருப்புளியை வாங்கி மேசையில வைச்சிட்டு, பகல் ஷிப்டுக்கு மறுமொழி வந்திட்டுது, இப்போதைக்கு இடமில்லையாம் எண்டா. சொல்ல மனமில்லாமல் ரெண்டு நாளா வைச்சிருந்திருக்கிறா. அப்ப உமக்குக் குளிரேல்லையோ எண்டு மட்டும் கேட்டன். அவ என்ர முகத்தைப் பாக்காமல், நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னா: "நீங்கள் எழும்பிப் போன பக்கத்தில போய்ப் படுப்பன். அதில இன்னும் சூடு கிடக்கும், அது ஆறமுந்தி நான் நித்திரையாகிடுவன்."

லண்டன் முழுக்க எத்தினையோ வீட்டில சூட்டைப் பிடிச்சு வைச்சுக் குடுத்திருக்கிறன், ஆனால் இப்ப ஒவ்வொரு காலமையும் நான் செய்யிற முதல் வேலை, கட்டிலால இறங்கினவுடனே என்ர பக்கத்துப் போர்வையைச் சூடு போகாமல் இழுத்து மூடிவிட்டு வெளிக்கிடுறதுதான், அந்தச் சூட்டுக்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் பில் அனுப்பேல்லை.