பட்டாளத்தான் கழுவிய வட்டில்

தாராவியில் மூன்று மாடிக் கட்டடம், கீழே தோல்பைப் பட்டறை, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுச்சுவர், நாலு தங்கச்சிகளுக்குக் கல்யாணம். எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஆள் செய்தது. கையெழுத்துப் போடும்போது இன்றைக்கும் நாக்கு வெளியே வந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டடத்தில் ஒரு விரிசல் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்று காலை பட்டறைப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய சாக்கு ஒன்று கிழிந்து ஆவாரம்பட்டைத் தூள் கொட்டியது. இப்போது தோல் பதனிட யார் பட்டை போடுகிறார்கள், எல்லாம் மருந்துத் தண்ணீர். அந்தத் துவர்ப்பு வாசம் படியேறி வந்ததும், யுத்தம் முடிந்து நான் திரும்பிய நாள் ஞாபகம் வந்துவிட்டது. சந்து கண்ணில் படுவதற்கு முன்பே, வீடு வந்துவிட்டது என்று சொன்னது இந்த வாசம்தான்.

பர்மாவில் துப்பாக்கி பிடித்தேன் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடித்தது கோவேறு கழுதையின் கயிறு. மலைமேல் அரிசியும் மாவும் ஏற்றிப் போகிற படை. ஆனால் என் கழுதை ஒன்றுகூடக் கால் இடறி விழுந்ததில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி எட்டாம் மாதம் போனவன் நாலாம் வருஷம் வந்தேன். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள், அண்ணன் துணையோடு இதே சந்திலிருந்த எங்கள் ஒற்றை ரூமை நல்ல குடித்தனமாக்கி வைத்திருந்தாள். இரண்டே நாளில் அதை நான் பட்டாளமாக்கினேன். விடியுமுன் எழுப்பினேன். போர்வையைச் சதுரமாக மடிக்கச் சொன்னேன். மடிப்பு கோணினால் உதறிப் போட்டேன்.

"நான் ஒண்ணும் உங்க கழுத இல்ல. பாத்துப் பேசுங்க" என்றாள்.

அதையும் பொறுத்தாள். பொறுக்காதது வட்டில். ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு, மூலையிலிருக்கும் கழுவுமிடத்தில், அதை மோரி என்போம், குந்தி உட்கார்ந்து என் வட்டிலை நானே சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பட்டாளப் பழக்கம். எங்கள் ஆட்களிடம் ஆம்பிளை தன் வட்டிலைத் தானே கழுவி வைத்தால், இந்த வீட்டு உறவு வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததா? நாலு வருஷத்தில் மறந்துபோயிருந்தது.

எதிர் ரூம் சுடலைவடிவு மறக்கவில்லை. "என்ன பேச்சி, உம் மாப்பிள்ளைக்கு உன் கை பட்ட வட்டிலு ஆகாதோ? பர்மாவுல எவளாச்சும் கழுவிப் போட்டாளோ?"

 ஒரு வாரம் கழித்துப் பேச்சி, ஊருக்குப் போகும் அண்ணனோடு தானும் கிளம்புவதாகச் சொன்னாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என் மதிப்பு போய்விடும் என்று நினைப்பு.

கிளம்புகிற அன்று மத்தியானம் வாசலில் ட்ரங்குப் பெட்டி, பக்கத்தில் மைத்துனர். எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டதும் என் கை தன்பாட்டில் வட்டிலை எடுத்தது. அவள் மறுபக்கம் பிடித்தாள்.

"இன்னைக்காச்சும் வச்சிட்டுப் போங்க. பெறகு நான் என்னத்துக்கு இந்த வீட்டுல?"

"விடுட்டி."

"விடமாட்டேன்."

இழுத்த இழுப்பில் மிச்சக் குழம்பு அவள் சேலையில் சிந்தியது. மைத்துனர் தவித்துப்போனார். "மாப்ள, வேணும்னா நான் கழுவிருதேன். ரயிலுக்கு நேரமாச்சு."

அப்போதுதான் சொன்னேன். எங்கள் படையில் ஒருத்தன், பாதிச் சாப்பாட்டில் கூப்பிட்டார்கள் என்று எழுந்தான். "வந்து கழுவுதேன், எடுத்துராத" என்று வட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வரவில்லை. மூன்றாம் நாள், காய்ந்து ஒட்டின சோற்றைச் சுரண்டி நான்தான் கழுவினேன். அன்றிலிருந்து எச்சில் வட்டில் கிடந்தால் எனக்கு உட்கார முடியாது. யாரோ வராமல் போய்விடுவார்கள் போலிருக்கும். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது.

பேச்சி கையை எடுத்தாள். "அண்ணே, நீ போயிட்டு வா" என்றாள். பிறகு தனக்குச் சோறு போட்டு, அவசரமில்லாமல் மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, வட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"கழுவுறதுன்னா ரெண்டையும் கழுவுங்க. ஒண்ண மட்டும் தனியாக் கழுவாதிய."

கழுவினேன். கதவைத் திறந்துவைத்தே கழுவினேன். "மிலிட்டரி, எங்க வீட்டுலயும் நாலு கெடக்கு!" என்றாள் சுடலைவடிவு. பேச்சி சிரித்ததை, யுத்தத்திலிருந்து திரும்பிய பிறகு அன்றுதான் கேட்டேன். போர்வையை எப்படி மடித்தாலும் அதன்பின் நான் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மோரி போய்விட்டது. சுடலைவடிவு மகனோடு அம்பர்நாத் போய்விட்டாள். யார் வீட்டில் யார் கழுவுகிறார்கள் என்று எட்டிப்பார்க்கச் சந்தில் ஆளில்லை, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது.

பேச்சி இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "ஒத்த வார்த்தையில அவரை மனுசனாக்குனேன்" என்கிறாள். ஆக்கினாள், மறுக்கவில்லை. ஆனால் முதலில் வாயைத் திறந்தவன் யார்? மைத்துனர் பார்த்துக்கொண்டு நிற்க, அழுகிற குரலில் சொன்னவன் யார்? பர்மா மலை ஏற்றமெல்லாம் அதைவிடச் சுலபம். இனி அந்தக் கதையைச் சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துச் சொல்லும்படி அவளிடம் நீங்களாவது சொல்லுங்கள்.