நாலு செகண்ட் ரீடிங்

பேய் இரவில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. செகந்திராபாத் பக்கம், அல்வாலைத் தாண்டி ஒரு மாட்டுத்தீவன ஆலையில், மதியம் ஒரு மணிக்கு மேல். கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஸ்டெல்லா சொல்ல மாட்டாள்.

ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி. பேகம்பேட்டில் அலுவலகம். மிஷின்களின் அதிர்வைப் பார்த்து, 'ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போடுவது வேலை. பாதி ஆலைகளை அவள் கண்ணால் கண்டதில்லை. அவர்களே அளந்து அனுப்புவார்கள். இவள் இருந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போடுவாள்.

அன்று நேரில் போனதே கோபத்தில்தான். தீவனத்தை உலர்த்தும் பெரிய உருளை அது. உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். ரிப்பேர் முடிந்து சோதனை ஓட்டம். ஆலை அனுப்பிய ரீடிங் நாலே நாலு செகண்ட். அது ஒரு சுற்றுச் சுற்றவே பதினைந்து செகண்ட் ஆகும்!

"ஒரு சுத்துகூட முடியல. அதுக்குள்ள என்னத்த அளந்தீங்க?" என்று சீறினாள்.

மெயின்டனன்ஸ் ஜகதீசன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "எப்பவும் நாலு செகண்ட்தான் மேடம். போன வருஷம் உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலயே. இப்ப மட்டும் கைக்கு... ஏன்?"

"எந்தச் சோம்பேறி பாத்தானோ! மெதுவா சுத்துத மிஷின். பத்து நிமிஷம் எடுக்கணும்."

மெதுவான அதிர்வுக்கென்றே உள்ள சென்சாரை பேரிங் மேல் பொருத்தினாள். அது நிலைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மணி 1.12. லேப்டாப்பில் கோடு ஓட ஆரம்பித்தது. அமைதியான கோடு. திடீரென்று ஒரு துள்ளல்.

பொத்.

பதினைந்து செகண்ட் கழித்து... பொத்.

மறுபடியும்... பொத்.

உருளையோடு மேலே போய் எதுவோ கீழே விழுகிறது. கனமான ஏதோ ஒன்று.

"உள்ள என்ன கெடக்கு?"

"ஒண்ணுமில்ல, காலி உருளைதான் மேடம்." ஜகதீசனின் முகம் வெளுத்திருந்தது.

"பொய் சொல்லாதீங்க. நிறுத்துங்க!"

1.16. உருளை நின்றது. இனி கோடு படுத்துவிட வேண்டும்.

பதினைந்து செகண்ட்.

பொத்.

நின்றுபோன உருளைக்குள்.

"மூடியத் திறங்க."

"நக்கோ மேடம்... வேணாம்."

"திறங்கன்னு சொல்லுதேன்!"

1.19. மூடி திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் இரும்பு. எரிச்சலோடு உருளையின் மேல் கையை ஊன்றினாள்.

உள்ளங்கைக்குக் கீழே...

தட்.

உள்ளேயிருந்து.

தட். தட். தட்தட்தட்...

உள்ளே யாருமில்லை.

தட்...

நின்றது. மணி 1.20.

அவள் கையெழுத்துப் போடவில்லை. சென்சாரைக் கழற்றிக்கொண்டு கிளம்பினாள். ஜகதீசன் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"போன வருஷமும் இதே மாதிரி சோதனை ஓட்டம் மேடம். வெல்டர் புருஷோத்தமன் உள்ள இருந்தான். யாரும் பாக்கல. சோதனைக்கு ஓட்டினோம், கையெழுத்து வந்ததும் முழுசா ஓட்டிட்டோம். சாயங்காலம்தான் தெரிஞ்சது. அவன் வீட்டுக்காரங்ககிட்ட, ஏணியிலேர்ந்து விழுந்தான்னு சொல்லிட்டோம்."

"பாவிகளா!" ஸ்டெல்லா சட்டென்று திரும்பினாள். "நீங்கல்லாம் மனுசங்களா? ஓட்டலாம்னு எவன் கையெழுத்துப் போட்டான்? அவனைச் சொல்லுங்க, நான் விட மாட்டேன்!"

ஜகதீசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேகம்பேட் வந்ததும் பையைக்கூட இறக்காமல் போன வருஷக் கோப்பைத் திறந்தாள். அதே உருளை. நாலு செகண்ட் ரீடிங். கோடு அமைதியாக இருந்தது. நாலு செகண்டில் ஒரு தடவைகூட விழவில்லை அவன்.

அளந்த நேரம் மதியம் 1.12.

கீழே 'ஓட்டலாம்' என்று எழுதியிருந்தது. நேரம் 1.20.

கையெழுத்து, ஸ்டெல்லா.